வெள்ளைத் தோரணம் காயப்போட்ட சனிக்கிழமை

பெண்கள் தங்கள் நேரத்தை எப்படித் திட்டமிட்டுக்கொள்ளலாம் என்று ஒரு கட்டுரை எழுதித் தரும்படி கொழும்பிலிருந்து ஒரு சஞ்சிகை ஆசிரியர் கேட்டிருந்தார். அவர் என் வீட்டு வாசலை ஒருநாளும் மிதித்ததில்லை என்பது அந்த வேண்டுகோளிலேயே தெரிந்துவிடும். "சனிக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க சிஸ்டர், உங்களுக்கெல்லாம் இது அஞ்சு நிமிஷ வேலை" என்று குரல் பதிவு வேறு. அஞ்சு நிமிஷ வேலைதான், நான் மறுக்கவில்லை. அந்த அஞ்சு நிமிஷம் வாரத்தில் எந்தப் பக்கமாக வரும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

நான் இருப்பது ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே, ரோட்டோரமாகக் கட்டிக்கொண்ட தனி வீட்டில். கணவருக்குக் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வருவார், வந்த களைப்பில் தூங்குவார், கிளம்பும்போது "அம்மாவ நல்லா பாத்துக்கிற" என்று எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்துவிட்டு பஸ் ஏறுவார். மகள் கண்டியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆகவே வீட்டில் நிரந்தரவாசிகள் இரண்டே பேர், நானும் என் மாமியும்.

மாமி விவரம் தெரிந்த வயதிலிருந்து ஓய்வு பெறும்வரை கொழுந்து பறித்தவர். போன வருடம் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறிப் போயிற்று. ஆனால் என்னைத் திட்டுவதற்குத் தேவையான சொற்கள் ஒன்றுகூடச் சேதமில்லாமல் பத்திரமாகத் தப்பிவிட்டன. டாக்டர் அதை நல்ல அறிகுறி என்றார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன், வேறு வழி இல்லாததால்.

அந்த வாரத்துக்குச் சில நாள் முன்னாலிருந்து திட்டுவது குறைந்துபோயிருந்தது. சாப்பாடும் குறைந்தது. திங்கட்கிழமை ஓட்டோ பிடித்துப் மாமியைப் பதுளைக் கிளினிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் கண்ணை இழுத்துப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அடுத்த திங்கட்கிழமையும் இதே நிலைமை என்றால் வார்டில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போடவேண்டி வரும் என்றார். மாமிக்குக் குழாயைத் தெரியும். நோய் வந்த புதிதில் போட்டிருந்தார்கள். அவர் பிடுங்கிப் பிடுங்கி எறிந்ததால் நல்ல கையிலும் துணி சுற்றி வைக்கவேண்டியதாயிற்று. புருஷன் செத்தபோதுகூட அழாத மனுஷி என்று ஊரில் பேர் வாங்கியவர், அந்தத் துணி சுற்றிய கையைப் பார்த்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். மறுபடியும் அதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

அன்று சாயங்காலமே நாத்தனார் கொழும்பிலிருந்து கூப்பிட்டாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள், சொன்னேன், "ஐயோ பாவம்" என்றாள், கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினாள். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணி, நம்ம சின்னவளுக்கு அடுத்த வாரம் பிறந்தநாள். ஒரு படம் அனுப்பியிருக்கேன், பாருங்க. வெள்ளை நூல்ல முக்கோணம் முக்கோணமா, தோரணம் மாதிரி. கடையில கேட்டா யானை விலை சொல்றான். நீங்கதான் சும்மா இருக்கீங்களே, போட்டுத் தர்றீங்களா?"

நியாயமாகப் பார்த்தால் போனை வைத்திருக்கவேண்டும். ஆனால் எனக்கு ஒரு பலவீனம் உண்டு. குரோஷே கொக்கியையும் வெள்ளை நூலையும் கண்டால் எனக்குப் புத்தி நிற்காது. நாலு பேர் என் எழுத்தைப் பாராட்டினால் சந்தேகப்படுவேன், ஒருத்தி என் ரேந்தைப் பின்னலைப் பாராட்டினால் அவளுக்குச் சொத்தை எழுதிவைத்துவிடுவேன். "போட்டுடலாம்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

செவ்வாய்க்கிழமையிலிருந்து வேலை இப்படிப் போனது. காலையில் குரக்கன் கஞ்சி. மாமி உதட்டை இறுக்கிக்கொள்வார். பத்து மணிக்குப் பப்பாசிப் பழம் மசித்தது. உதடு திறக்காது. மத்தியானம் சோறும் பருப்பும் பூசணிக்காயும் ஒன்றாகக் குழைத்தது, டாக்டர் சொன்ன பதத்தில், பார்த்தால் எனக்கே பசி போய்விடும். ஒரு கரண்டி போகும், மறு கரண்டி தோளில் போட்டிருக்கும் துவாலைக்குப் போகும். நான் கெஞ்சுவேன், அதட்டுவேன், டாக்டர் பேரைச் சொல்லிப் பயமுறுத்துவேன், பேத்தி பேரைச் சொல்லி ஆசை காட்டுவேன். மாமி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். இடையில் கிடைக்கிற நேரத்தில் மடியில் நூலை வைத்துக்கொண்டு முக்கோணம் போடுவேன். முக்கோணம் ஏதோ ஒரு ஒழுங்கில் வளர்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் ஒழுங்காக வளர்ந்தது அது ஒன்றுதான்.

கட்டுரைக்கும் ஒரு தொடக்கம் எழுதியிருந்தேன். "அன்றைய நாளின் வேலைகளை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள்" என்று. அந்த வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைப்பதற்குள் படுக்கை நனைந்துவிட்டது என்று மாமி கூப்பிட்டார். துணி மாற்றி, ஈரத்தை அலசி, மழை விடாததால் அடுப்பு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது எதை எதற்கு முன்னால் வரிசைப்படுத்துவதாக இருந்தேன் என்று எனக்கு நினைவில்லை.

பார்க்க வந்தவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் மரியாதை. அதனால் வருகிறவர்கள் எல்லாரும் ஒரு பிஸ்கட் பக்கட்டோடு வருவார்கள். மாமிக்கு மெல்ல முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் பிஸ்கட்தான். வந்து கட்டில் பக்கத்தில் நின்று, "சாப்பிடுறாங்களா?" என்று என்னிடம் கேட்பார்கள். இல்லை என்பேன். "அதான பாத்தேன், எளச்சுப் போயிட்டாங்க" என்று டாக்டருக்கு மேலே ஒரு முடிவு சொல்லிவிட்டு, நான் ஊற்றிக் கொடுக்கிற தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவார்கள். அந்த பிஸ்கட்டை நான் வேறொரு நோயாளி வீட்டுக்குக் கொண்டுபோவேன். அவர்கள் இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஊரில் நோயாளிகளைவிட அதிகமாக நடமாடுவது அந்தப் பக்கட்டுகள்தான்.

புதன்கிழமை வந்தவர் மாமியோடு ஒரே மலையில் கொழுந்து பறித்த அக்கா. பெரிய தொண்டை, பெரிய மனசு, இரண்டையும் கூச்சமில்லாமல் செலவழிக்கிறவர். அவரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், "ஒருநாள் மத்தியானம் வந்து மாமிகூடக் கொஞ்ச நேரம் இருப்பீங்களா?" என்று.

"வேலைக்குப் போவாம எப்படி புள்ள வர்றது? அர நாள் போயிருமே" என்றார். அவர் சொன்னது நியாயம். அவர்களுக்கு மத்தியானம் என்பது மலையில் எங்காவது ஒரு மர நிழலில் அரக்கப் பரக்கச் சாப்பிடுகிற கொஞ்ச நேரம். எனக்குப் புரிந்தது. புரிந்தாலும் கோபம் வந்தது. தேத்தண்ணியில் சீனியைக் குறைத்துப் போட்டு அந்தக் கோபத்தைத் தீர்த்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க மழை. தோரணம் முடிந்துவிட்டது, கட்டுரை முடியவில்லை, மாமி தண்ணீரையும் குறைத்துவிட்டார்.

சனிக்கிழமை விடிந்தபோது பளிச்சென்று வெயில். எத்தனை நாளுக்குப் பிறகு! முக்கோணங்களைத் துவைத்து, சோற்றுக் கஞ்சியில் முக்கி, விறைப்பாக நீவி, நீளமான நைலோன் கயிற்றில் வரிசையாகக் கோத்தேன். பின்பக்கம் வெயில் வர மத்தியானம் ஆகும். அதனால் முன்பக்கம், ரோட்டைப் பார்த்தபடி, கேட் தூணிலிருந்து கொய்யா மரத்துக்கும் அங்கிருந்து லைட் கம்பத்துக்குமாக இழுத்துக் கட்டினேன். காற்றில் அவை படபடவென்று ஆடியதைத் தள்ளி நின்று பார்த்தேன். அவ்வளவு அழகாக இருந்தது. என் கைவேலை ஒன்று ஊர் பார்க்க நிற்பது எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு கஞ்சிக் கிண்ணத்தோடு மாமியிடம் போனேன். கரண்டியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனதும் அவர் தலையைத் திருப்பினார்.

"போதும்" என்றார்.

"இன்னும் ஒன்னுமே குடிக்கலையே மாமி, என்ன போதும்?"

"எல்லாம்."

கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு முன்னறைக்கு வந்து, ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தேன். அழுகை வருவதுபோல் இருந்தது, வரவில்லை. சரி, எழுதித் தொலைப்போம் என்று பேனையை எடுத்தேன். அப்போது கொழுந்து லொறி ஒன்று ரோட்டில் வந்தது. எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததும் மெதுவானது. சாரதி தலையில் கட்டியிருந்த துவாலையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, தோரணத்தையே பார்த்துக்கொண்டு போனார். ரசனையுள்ள மனிதர் என்று நினைத்தேன். ஜன்னல் வழியாகக் கையை அசைத்தேன். அவர் என்னைப் பார்த்து மிகவும் சோகமாகத் தலையாட்டினார்.

எங்கள் நாட்டில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் என்ன செய்வார்கள் என்று ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த வீட்டு முன்னால், ரோட்டோரமாக, வெள்ளைக்கொடி கட்டுவார்கள். இதை நான் கதையில் எழுதியிருக்கிறேன். கட்டுரையில் விளக்கியிருக்கிறேன். ஆனால் மாதக்கணக்காகப் படுத்த படுக்கையாக ஒருவர் கிடக்கிற வீட்டு முன்னால், அத்தனை வெள்ளை முக்கோணங்களையும் என் கையாலேயே கட்டிவிட்டு உட்கார்ந்து நேரத் திட்டமிடல் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் நெருங்கும்போது வாசலில் ஒப்பாரி எழுந்தது.

வெளியே ஓடினேன். மலையிலிருந்து நேராக வந்திருந்தார்கள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல். புதன்கிழமை வந்த அக்கா முற்றத்தில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார். "ஒன்னா நிரை புடிச்சுக் கொழுந்து பறிச்சோமேடி, ஒரு வார்த்த சொல்லலியேடி!" என்று அந்தப் பெரிய தொண்டை பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. இன்னொரு பெண் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். கட்டிப்பிடித்து அழுகிறவரிடம் யார் செத்தது என்று கேட்பது மரியாதையில்லை. ஆகவே நானும் அழுதேன். ஒரு வாரத்து அழுகை உள்ளே தயாராக இருந்தது, சுலபமாக வந்தது.

"எப்ப புள்ள உசிரு போச்சு? நீ பக்கத்துல இருந்தியா?" என்று அவர் என் காதில் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

தோரணம் எனக்கு அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. நான் மேசையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் மாமி போய்விட்டார், எனக்குத் தெரியாதது எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்தப் பெண்ணை உதறிவிட்டு உள்ளே ஓடினேன்.

மாமி கண்ணைத் திறந்து படுத்திருந்தார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் வாசலில் ஆடிக்கொண்டிருக்கிற தோரணம் ஞாபகம் வந்தது.

"எனக்கா?" என்று கேட்டார், வாசல் பக்கம் கண்ணைக் காட்டி.

"ஆமா மாமி. அந்தத் தோரணத்தப் பாத்துட்டு... இருங்க, நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

"விடு, அழட்டும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "யாரு யாரு வந்துருக்கானு பாத்துட்டு வா."

நான் பார்த்துவிட்டு வருவதற்குள் பிணத்தைப் பார்க்க அக்கா உள்ளே வந்துவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கிட்டப் போய்க் குனிந்தார். மாமி அவரைப் பார்த்து, ஒரு வாரமாகச் சேமித்து வைத்திருந்த தெளிவோடு, "இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சாடி ஒனக்கு?" என்றார்.

அக்கா போட்ட சத்தம் ஒப்பாரியைவிடப் பெரிது. அதன் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. சிலர் சாமி என்றார்கள், சிலர் பேய் என்றார்கள், பிறகு எல்லாரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். "உசிரோட இருக்குற வீட்டுல எவளாச்சும் வெள்ளக்கொடி கட்டுவாளா? படிச்ச புள்ளதான நீ?" பிறந்தநாளுக்குத்தான் கட்டினேன் என்று சொன்னேன். அந்த விளக்கம் நிலைமையை மேலும் கெடுத்தது.

இதற்குள் வீட்டுக்குள் ஒரு சாவுக்கு நடக்கவேண்டிய எல்லாமே நடக்கத் தொடங்கியிருந்தது. சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது, அக்கம்பக்கத்தார்தான் சமைத்துக் கொண்டுவரவேண்டும். எனவே லயத்திலிருந்து ஒரு பெரிய சட்டி நிறையச் சோறும், பருப்பும், கீரையும் வந்துவிட்டன. தேத்தண்ணி வாளியோடு வந்தது. யாரோ முற்றத்தைக் கூட்டியிருந்தார்கள். யாரோ என் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். பையன்கள் பிளாஸ்டிக் கதிரைகளைத் தோளில் அடுக்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள். திங்கட்கிழமை மாமியை ஓட்டோவில் ஏற்ற ஒரு ஆள் துணைக்குக் கிடைக்காமல் நானே தூக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன். செத்தவரைத் தூக்கவென்றால் இத்தனை தோள்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. இல்லை, சொல்கிறேன். நோயோடு இருக்கிறவருக்கு ஒரு பக்கட் பிஸ்கட், செத்தவருக்கு ஒரு சட்டி சோறு என்று பிரித்து வைத்தது எந்தப் புண்ணியவான் என்று தெரிந்தால், அவரிடம் ஒரு மணி நேரம் பேச எனக்கு ஆசை. அவருக்கும் நேரத் திட்டமிடல் பற்றி ஏதாவது தெரிந்திருக்கும்.

கணவர் கொழும்பிலிருந்து அழுதுகொண்டே கூப்பிட்டார். அவர்வரைக்கும் செய்தி போயிருந்தது. அம்மா உயிரோடு இருக்கிறார் என்று போனை மாமி காதில் வைத்தேன். பிறகு கணவர் என்னிடம், "அப்ப நான் லீவு சொல்ல வேண்டாம்தான?" என்றார். நாத்தனாரும் அழுது, சிரித்து, கடவுளுக்கு நன்றி சொல்லி முடித்து, "ஆனா அண்ணி, அந்தத் தோரணம் வேண்டாம். எழவு வீட்டுல கட்டினதப் போய்ப் பிறந்தநாளுக்கு..." என்று இழுத்தாள். எழவே நடக்கவில்லையே என்று நான் வாதாடவில்லை.

சாப்பாட்டை என்ன செய்வது என்று வெளியே ஒரு வழக்கு நடந்தது. எழவு வீட்டுக்கு என்று கொண்டுவந்ததைத் திருப்பி வீட்டுக்கு எடுத்துப்போகக்கூடாது. கொட்டவும் மனசு வராது. "அப்ப இங்கயே தின்னுட்டுப் போவோம்" என்று அக்கா தீர்ப்பு சொன்னார். கதிரைகளில் யாரும் உட்காரவில்லை. மாமி அறையில், கட்டிலைச் சுற்றித் தரையிலும் கட்டில் விளிம்பிலுமாக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். யார் யாரைத் திட்டினார்கள், எந்த மேற்பார்வையாளர் எந்த மலையில் வழுக்கி விழுந்தார் என்று எல்லாம் பேசினார்கள். அக்கா சட்டிமூடியில் சோற்றைக் கொட்டிப் பிசைந்து, ஆளுக்கு ஒரு உருண்டையாகக் கையில் வைத்துக்கொண்டே வந்தார். மாமி முறை வந்ததும் இன்னும் நன்றாகக் குழைத்து வாய்க்கு நீட்டினார். பேச்சு நிற்கவில்லை, யாரும் மாமியின் வாயைப் பார்க்கவில்லை, என்னைத் தவிர. மாமி வாயைத் திறந்தார். மெதுவாக விழுங்கி, பக்கத்தில் இருந்தவளின் கதையில் ஒரு தப்பைத் திருத்திவிட்டு, மறுபடியும் வாயைத் திறந்தார்.

நான் எழுந்து முன்னறைக்கு வந்துவிட்டேன். அவர்கள் முன்னால் அழக் கூச்சமாக இருந்தது. சும்மா இருக்கத் தெரியாமல் பேனையை எடுத்தேன். அவர்கள் பிற்பகல் வேலைக்குப் போகாமல் அங்கேயே இருந்த நேரத்தில் கட்டுரையை முழுக்க எழுதி, படம் பிடித்து அனுப்பியும் விட்டேன். ஆசிரியர் உடனே பதில் போட்டார். "அருமை சிஸ்டர். நடைமுறைக்கு உதவுற மாதிரி ஒரு சின்ன யோசனை மட்டும் கடைசியில சேர்த்துடுங்க." என்னிடம் ஒரு யோசனை இருந்தது, ஆனால் அதை அச்சில் போட்டிருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடு பழையபடி அமைதியாக இருந்தது. அதே சோறு, அதே பருப்பு, நேற்று அக்கா பிசைந்த பதத்திலேயே கையால் பிசைந்துகொண்டு போனேன். பேச்சும் கொடுத்துப் பார்த்தேன். மாமி ஒரு வாய் வாங்கினார். இரண்டாவது வாய்க்கு உதட்டை இறுக்கிக்கொண்டார். எனக்குள் எல்லாம் இடிந்து விழுந்தது. நாளைக்குத் திங்கட்கிழமை.

"நேத்து சாப்பிட்டீங்களே மாமி. என் கையில மட்டும் என்ன விஷமா இருக்கு?" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. நல்ல கையால் என் முழங்கையைப் பிடித்தார்.

"தனியா எறங்க மாட்டேங்குது புள்ள. அவளுகள வரச் சொல்லு."

"இன்னைக்கு லீவு நாள் மாமி. துணி தொவைப்பாங்க, விறகுக்குப் போவாங்க. கூப்பிட்டா எப்படி வருவாங்க?"

"செத்துட்டேன்னு சொல்லு" என்றார். "வருவாளுக."

விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. தட்டை மூடி வைத்துவிட்டு, பிசைந்த கையைக் கழுவக்கூட இல்லாமல், லயத்துக்கு இறங்கினேன்.

பைப்படியில் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். தலைவிரி கோலமாக நான் இறங்கி வருவதைக் கண்டதும் துணி அடிக்கிற சத்தம் நின்றது. குடம் நிரம்பி வழிந்தது, யாரும் எடுக்கவில்லை. அக்கா சவர்க்கார நுரையோடு எழுந்து நின்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"எப்ப புள்ள?" என்றார்.

"சாகல அக்கா" என்றேன். "பசிக்குதாம்."